சாப்பிட்டும் சேராத சத்து

முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியபோதுதான் முதல்முறை விழுந்தேன். தலை சுற்றவில்லை, மயக்கமும் இல்லை. கண்ணை மூடினேன், அடுத்த கணம் குளியலறைத் தரையில் கிடந்தேன். வாளி கவிழ்ந்து உடம்பெல்லாம் நனைந்திருந்தது. இடது தோள் சுவரில் இடித்து விண்விண்ணென்று தெறித்தது. யாரையும் கூப்பிடவில்லை. மந்தைவெளியில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் போட்ட ஒற்றை அறையில் நான் தனியாகக் குடியிருக்கிறேன். கீழ்வீட்டுக்காரர்கள் வருடத்தில் பாதி நாள் மகன் வீட்டில் இருப்பார்கள். அன்றும் வீடு பூட்டித்தான் இருந்தது.

என் பெயர் பானுமதி. அப்போது ஐம்பத்திரண்டு வயது. தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், பட்டுப் பிரிவில், இருபத்தாறு வருடமாகப் புடவை எடுத்துப் போடுகிறேன். கல்யாணம் ஒன்று நடந்தது, இரண்டு வருடத்தில் முடிந்தும் போனது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

அப்படி விழுவதற்கு எட்டு மாதம் முன்பே உடம்பு எதையோ சொல்லிக்கொண்டுதான் இருந்தது. உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போல ஆரம்பித்தது. நாள் முழுக்க நிற்கிற வேலை, யாருக்குத்தான் கால் மரத்துப்போகாது என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு நாள் பாண்டி பஜாரில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கடை வாசல்வரை நடந்து வந்திருக்கிறேன். வாட்ச்மேன் கேட்டார்: "இன்னாக்கா, ஒரு செருப்போட வர்ற?" குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றதென்று தெரியவில்லை. அது போனதே எனக்குத் தெரியவில்லை என்பதுதான் பயமாக இருந்தது. சிரித்துவிட்டு உள்ளே போனேன்.

நாக்கும் மாறியிருந்தது. கண்ணாடியில் நீட்டிப் பார்த்தால் சொரசொரப்பே இல்லாமல் பளபளவென்று சிவந்திருந்தது. ரசம் பட்டால்கூட எரிந்தது. கடைசியாக விரல். எது சுத்தப் பட்டு, எது கலப்புப் பட்டு என்று கட்டை விரலால் ஒரு தேய்ப்பில் பிரித்துச் சொல்பவள் நான். மற்ற பிரிவுப் பெண்கள்கூட என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். ஒரு மாலை நேரம், மகளுக்கு நிச்சயதார்த்தப் புடவை எடுக்க வந்த அம்மா ஒருத்தி, "இது சுத்தப் பட்டுத்தானே?" என்று கேட்டாள். நான் தேய்த்தேன். மறுபடி தேய்த்தேன். கையுறை போட்டுக்கொண்டு தொடுவது போல இருந்தது. விலை அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு, "ஆமாங்க" என்றேன்.

பக்கத்துக் கவுண்டரில் நிற்கும் நூர்ஜஹான் அதைப் பார்த்துவிட்டாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். குடும்பம் மூன்று தலைமுறையாக ராயப்பேட்டையில். "அக்கா, நீ வெள்ளையா போய்க்கினே கீறே. தனியா இருக்கேன்னு சமைக்காம பன்னும் டீயுமா ஓட்டறியா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை அடுத்த மாதங்களில் பலர் கேட்டார்கள். தனியாக இருக்கும் பெண் சரியாகச் சாப்பிட மாட்டாள் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. உண்மையில் நான் நன்றாகச் சாப்பிடுகிறவள். வாரத்தில் மூன்று நாள் மீன். தினமும் முட்டை. நூர்ஜஹான் அதை நம்பாமல், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எனக்கென்று ஈரல் வறுத்து டப்பாவில் கொண்டுவர ஆரம்பித்தாள். மிளகாய் குறைத்து, மிளகு மட்டும் போட்டு. நான் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரில் உட்கார்ந்திருப்பாள்.

மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் ஒரு டாக்டரிடமும் போனேன். ரத்தம் ஏழரைதான் இருக்கிறது என்றார். இரும்புச்சத்தும் ஃபோலிக் ஆசிடும் சேர்ந்த மாத்திரை எழுதினார். இரண்டு மாதத்தில் பத்து ஆனது. முகத்தில் கொஞ்சம் நிறம் வந்தது. கடையில் எல்லோரும் தேறிவிட்டாய் என்றார்கள். ஆனால் கால் முழங்கால்வரை மரத்தது. படியில் இறங்கும்போது ஒவ்வொரு படியையும் பார்த்து இறங்க வேண்டியிருந்தது. அப்புறம்தான் குளியலறையில் விழுந்தேன்.

அரசு மருத்துவமனைக்கு என் வார விடுமுறையன்று போனேன். காலை ஏழு மணிக்கே சீட்டு வரிசை கட்டிடத்தைச் சுற்றி வளைந்திருந்தது. என் முறை வந்தபோது பதினொன்றரை. சீட்டுப் போடும் இடத்தில், ரத்தம் எடுக்கும் இடத்தில், டாக்டர் அறை வாசலில் எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான்: "கூட யார் வந்திருக்காங்க?" யாரும் இல்லை என்றேன். மூன்றாவது தடவைக்கு மேல் சொல்லும்போது குரல் தானாகவே தாழ்ந்தது.

என்னைப் பார்த்த பெண் டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. கண்ணுக்குக் கீழே கருவளையம், தலையில் அவசரமாகக் குத்திய கிளிப். நாக்கை நீட்டச் சொன்னார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். இரண்டு கொம்புள்ள ஒரு இரும்புக் கவையைத் தன் முழங்கையில் தட்டினார். அது ரீங்காரமிட்டது. என் கால் கட்டை விரல் எலும்பின் மேல் வைத்து, "அதிர்றது தெரியுதாம்மா?" என்று கேட்டார்.

"வச்சிட்டீங்களா?" என்றேன்.

அவர் கணுக்காலில் வைத்தார். முழங்காலில் வைத்தார். இடுப்பெலும்பில் வைத்தபோதுதான் எனக்கு அந்த அதிர்வு லேசாகத் தெரிந்தது. அடுத்து, கண்ணை மூடச் சொல்லிவிட்டு என் கால் விரலைப் பிடித்து மேலேயா கீழேயா என்று கேட்டார். எல்லாம் ஊகம்தான். பாதி தப்பு.

"எழுந்து நில்லுங்க. ரெண்டு காலையும் சேர்த்து வைங்க. நான் பக்கத்துலதான் இருக்கேன். இப்ப கண்ணை மூடுங்க."

மூடினேன். உடம்பு ஒரு பக்கமாகப் போவது தெரிந்தது, நிறுத்தத் தெரியவில்லை. அவர் இரண்டு கையாலும் என்னைத் தழுவிப் பிடித்துக்கொண்டார். என் கன்னம் அவர் தோளில் பட்டது. சட்டையில் டெட்டால் வாசனை. யாராவது என்னை அப்படிக் கடைசியாகப் பிடித்து எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று நினைவில்லை. அவர் விட்ட பிறகும் இரண்டு கணம் நான் விடவில்லை.

"நாம நிக்கிறதுக்குக் கண்ணு, காது, கால்ல இருந்து வர்ற நரம்புன்னு மூணு வேணும்மா," என்று உட்காரவைத்துச் சொன்னார். "உங்க கால் எங்க இருக்குன்னு மூளைக்குச் சொல்ற நரம்பு வேலை செய்யல. இத்தனை நாள் கண்ணை வச்சுச் சமாளிச்சிருக்கீங்க. கண்ணை மூடினா, இருட்டா இருந்தா, விழுந்துடுவீங்க. இன்னைக்கே அட்மிட் ஆகணும்."

மறுநாள் வரலாமா என்று கேட்டேன். கடைக்குச் சொல்லவில்லை, மாற்றுத்துணி இல்லை.

"யாரையாவது கொண்டுவரச் சொல்லுங்களேன்."

நூர்ஜஹானுக்கு போன் செய்தேன். என் அறையின் இன்னொரு சாவி கடை லாக்கரில் இருந்தது. அவள் வேலை முடிந்து மந்தைவெளி போய், நைட்டி, சீப்பு, டம்ளர், செருப்பு எல்லாம் ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். நான் கேட்காத ஒன்றையும் எடுத்து வந்திருந்தாள்: என் தலையணை. "ஆஸ்பத்திரி தலகாணில தூக்கம் வராதுக்கா," என்றாள். வார்டு வாசலில் நேரமாகிவிட்டது என்று அவளை அனுப்பிவிட்டார்கள். ஆடித் தள்ளுபடி நடந்துகொண்டிருந்தது. கடையில் யாருக்கும் விடுப்புக் கிடையாது. அவள் மறுபடி வர நாலு நாள் ஆயிற்று.

வார்டில் எனக்குப் பக்கத்துப் படுக்கையில் கன்னியம்மா. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவர், அறுபது வயது இருக்கும். வாதத்தில் ஒரு கை இழுத்துக்கொண்டிருந்தது, வாய் மட்டும் ஓயவில்லை. அவருக்கு மூன்று மகள்கள். முறை வைத்துக்கொண்டு வருவார்கள். மாலை நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம் ஆரம்பிக்கும். வார்டு திருவிழா மாதிரி ஆகிவிடும். டிபன் டப்பா திறக்கும் சத்தம், குழந்தைகள் கட்டிலில் ஏறும் சத்தம், ஆரஞ்சுத் தோல் வாசனை. அந்த இரண்டு மணி நேரமும் நான் சுவர்ப்பக்கம் திரும்பி, தூங்குவது போலப் படுத்திருப்பேன். ஒருக்களித்தே கிடந்து தோள் வலிக்கும். மணி அடித்து எல்லோரும் போன பிறகுதான் திரும்புவேன்.

மூன்றாம் நாள் கன்னியம்மா அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார்: "இந்தாம்மா, தூங்குறவங்க மூச்சு அப்டி இருக்காது. எந்திரி. என் பொண்ணு நெத்திலி கொயம்பு கொண்டாந்துகீது. காரம் கம்மிதான்."

எழுந்து சாப்பிட்டேன். நாக்கு எரிந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் அந்த டாக்டர் என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கின்றன, வைட்டமின் பி12 ஏறக்குறைய இல்லை என்றார். முதல் ஊசியை அன்று காலையே போட்டிருந்தார்கள்.

"நீங்க சைவமா?" என்றார்.

"இல்லைங்க. மீன், கறி, முட்டை எல்லாம் சாப்பிடுவேன். எல்லாரும் நான் சாப்பிடலைன்னே சொல்றாங்க. நான் சாப்பிடறேன் டாக்டர்."

"நம்பறேன்மா," என்றார். "பிரச்சினை சாப்பாட்டுல இல்ல. வயித்துல."

கேஸ் ஷீட்டின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு பையும், அதிலிருந்து நெளிநெளியாக ஒரு நீளக் குழாயும் வரைந்தார்.

"கறி, மீன்ல இருக்கிற பி12 தனியா வராது, புரதத்தோட ஒட்டிக்கிட்டு வரும். இரைப்பையில இருக்கிற அமிலம் அதைப் பிரிச்செடுக்கும். அதே இரைப்பை இன்னொரு பொருளையும் சுரக்கும். அந்தப் பொருள் பி12ஐப் பிடிச்சுக்கிட்டு, இந்தச் சிறுகுடல் முழுக்கக் கூடவே போகும். மத்த வைட்டமின் எல்லாம் பெரும்பாலும் மேலேயே, இங்க, ரத்தத்துல சேர்ந்துடும். பி12 சேர்ற இடம் சிறுகுடலோட கடைசிப் பகுதி. அங்க போனாலும் அந்தத் துணைப் பொருள் கூட இருந்தாத்தான் குடல் அதை உள்ள எடுத்துக்கும். இல்லேன்னா அப்படியே வெளிய போயிடும்."

"எனக்கு அந்தப் பொருள் இல்லியா?"

"உங்க உடம்பே அதைச் சுரக்கிற செல்லை எதிரின்னு நினைச்சு அழிச்சுக்கிட்டு வந்திருக்கு. ஏன்னு சொல்ல முடியாது. நீங்க எதுவும் தப்பு பண்ணல."

அந்தக் கடைசி வாக்கியத்தை எனக்குள் பல தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

இத்தனை வருடம் ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். கல்லீரல் இதைப் பல வருடத்துக்குச் சேர்த்து வைத்திருக்குமாம். அது தீரும்வரை ஒன்றும் வெளியே தெரியாது. மாத்திரையில் ரத்தம் ஏறியதே என்றேன். ஃபோலிக் ஆசிட் ரத்தத்தைத் தூக்கிவிடும், ஆனால் நரம்புக்கு மேலே இருக்கிற உறைக்கு பி12 இல்லாமல் முடியாது, அதனால் பார்வைக்குத் தேறியது போல இருக்க, உள்ளே தண்டுவடம் கெட்டுக்கொண்டே போயிருக்கிறது என்றார். இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. எதிர் வரிசையில் சக்கர நாற்காலியில் ஒரு பெண் இருந்தாள். டாக்டரும் நானும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தோம்.

நாலாம் நாள் நூர்ஜஹான் வந்தாள். கையில் ஆட்டுக்கால் சூப், மிளகாய் இல்லாமல். நான் டாக்டர் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். டப்பா மூடியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், "அப்ப நான் குடுத்த ஈரலெல்லாம் வேஸ்டாக்கா?" என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது. ஈரலில்தான் பி12 மிக அதிகம் என்பதையும் டாக்டர் சொல்லியிருந்தார். அதை அவளிடம் சொல்லவில்லை. அதில் இருக்கிற புரதம், வைட்டமின் ஏ எல்லாம் உடம்பில் சேர்ந்திருக்கும், அது இல்லாவிட்டால் எப்போதோ விழுந்திருப்பேன் என்றேன். அவள் நம்பியது போலத் தலையாட்டினாள்.

இரைப்பையை நேரில் பார்க்க எண்டோஸ்கோபி செய்ய வேண்டியிருந்தது. கேமரா வைத்த குழாயை வாய் வழியாக உள்ளே விடுவது. முதல் நாள் இரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் போய் அந்த அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டுப் படிவத்தைப் பார்த்தார்.

"கூட யாரு?"

"யாரும் இல்லைங்க."

"கையெழுத்துப் போட ஆள் வேணும்மா. மருந்து குடுத்தா அப்புறம் தூக்கக் கலக்கமா இருக்கும். உங்களுக்கு நடக்கவும் முடியல. சொந்தக்காரங்க யாராவது?"

"இல்லைங்க."

"அண்ணன் தம்பி?"

நான் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார். வெறும் வயிற்றோடு வார்டுக்குத் திரும்பினேன்.

எனக்குத் தம்பி உண்டு. தாமோதரன். தாமு. அடையாற்றங்கரையில் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. அம்மா, தம்பி, அவன் மனைவி சுமதி, நான். ஆறு வருடத்துக்கு முன் அரசாங்கத்தில் கரை வீடுகளைக் காலிசெய்து, நகரத்துக்கு வெளியே அடுக்குமாடியில் மூன்றாவது மாடி வீடு ஒன்று கொடுத்தார்கள். அங்கிருந்து தி.நகர் வேலைக்கு வர முடியாது என்று நான் மந்தைவெளியில் அறை எடுத்தேன். அம்மா அவனோடு போனாள். போவதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்தே தடுமாற ஆரம்பித்திருந்தாள். போன பிறகு அதிகமானது. ஒரு மாலை கரண்ட் போனபோது மாடிப்படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இரண்டு மாதம் படுக்கையில் இருந்து இறந்துபோனாள். பிணம் கிடக்கும்போதே, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், நான் தாமுவிடம் சொன்னேன்: "மூணாவது மாடிக்கு இட்டாந்து வச்சு அம்மாவ கொன்னுட்ட." அதற்குப் பிறகு நாலு வருடம் நாங்கள் பேசவில்லை.

நர்ஸ் திருப்பி அனுப்பிய மறுநாள் கன்னியம்மாவின் நடு மகள், விமலா, என்னோடு வந்தாள். அவளை நான் கேட்கவில்லை. கன்னியம்மாதான், "இவ கூட போய் குந்திகினு வா. மீன் ஒண்ணும் ஓடிடாது," என்று விரட்டினார். படிவத்தில் உறவு என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு விமலா என்னைப் பார்த்தாள். பிறகு "தங்கை" என்று எழுதினாள்.

தொண்டையில் கசப்பாக எதையோ அடித்தார்கள். பல்லுக்கிடையில் ஒரு வளையம் வைத்தார்கள். இடது பக்கம் ஒருக்களிக்கச் சொன்னார்கள். குழாய் போகும்போது குமட்டியது, கண்ணில் தண்ணீர் வழிந்தது. யாரோ என் கையைப் பிடித்திருந்தார்கள். கண்ணைத் திறந்து பார்த்தேன், நர்ஸ்தான். நேற்று என்னைத் திருப்பி அனுப்பியவர். முடிந்ததும் விமலா என்னை அணைத்தபடி வார்டுவரை நடத்தி வந்தாள். முந்தானையில் மீன் வாடை. அவ்வளவு தூரமும், தம்பி உயிரோடு இருக்கும்போது முன்பின் தெரியாத ஒருத்தி எனக்குத் தங்கையாகக் கையெழுத்துப் போட்டாளே என்றே நினைத்துக்கொண்டு வந்தேன்.

என் இரைப்பையின் உட்சுவர் மடிப்பெல்லாம் போய்த் தேய்ந்து வழவழவென்று இருக்கிறதாம். ரத்தத்தில் அந்தச் செல்களை அழிக்கிற பொருளும் இருப்பது உறுதியாயிற்று. ஊசி வாழ்நாள் முழுக்க. முதலில் தினமும், பிறகு வாரம் ஒன்று, அப்புறம் மாதம் ஒன்று. குடலைத் தாண்டி நேராகத் தசைக்குள் போடுவதால் துணைப் பொருள் தேவையில்லை.

"இது குடும்பத்துல வரக்கூடியது," என்றார் டாக்டர். "அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க யாருக்காவது இந்த மாதிரி இருந்ததா? நடை தடுமாற்றம், நாக்கு எரிச்சல், மறதி?"

எனக்கு அம்மாவின் நடை ஞாபகம் வந்தது.

அம்மா காலைப் பரப்பிப் பரப்பி வைத்து நடந்தாள். இருட்டினால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நகர்வாள். சோற்றில் காரம் என்று தட்டைத் தள்ளுவாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவாள். வீடு போன ஏக்கம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அவள் விழுந்தது கரண்ட் போன மாலையில். எத்தனை மாடி என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இருந்திருக்காது. தரையோடு இருந்த ஆற்றங்கரை வீட்டிலும் அவள் விழுந்திருப்பாள்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார். "பொருந்துதுதான். ஆனா இறந்தவங்களுக்கு இப்ப சோதனை பண்ண முடியாதும்மா. இருந்திருக்கலாம்னுதான் நான் சொல்ல முடியும். தம்பியை ஒரு தடவை ரத்தம் பார்க்கச் சொல்லுங்க."

பதின்மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நாக்கு எரிச்சல் அதற்குள் போயிருந்தது. காலில் ஊர்வது மட்டும் முன்னைவிட அதிகமாயிற்று. நரம்பு முழிக்கும்போது அப்படித்தான் இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அறையில் தண்ணீர்ப் பானைக்கு அடியில் எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. தலையணையைக் கட்டிலில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். மாலை நாலு மணி. வார்டில் இந்நேரம் டப்பாக்கள் திறப்பார்கள் என்று தோன்றியது. அந்த வார்டை எப்போது விடுவோம் என்று எண்ணிக்கொண்டிருந்தவள்தான் நான். இப்போது கன்னியம்மாவின் குரல் கேட்காமல் அறை பெரிதாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாமு வீட்டுக்குப் போனேன். முன்னால் சொல்லவில்லை. போன் செய்தால் எடுக்க மாட்டான் என்று பயம். கையில் ஒரு கோல், மருத்துவமனைச் சீட்டுகள் ஒரு பையில். பஸ் ஒன்றரை மணி நேரம். மூன்று மாடியும் கைப்பிடியைப் பிடித்துப் படியைப் பார்த்துப் பார்த்து ஏறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா விழுந்தது அந்த இடத்தில்தான் என்று எனக்குத் தெரியும்.

தாமுதான் கதவைத் திறந்தான். அவன் பெயின்டிங் வேலை செய்கிறான். கைமுட்டியில் வெள்ளைப் பெயின்ட் காய்ந்திருந்தது. தலை பாதி நரைத்துவிட்டது. என் கோலைப் பார்த்தான்.

"இன்னாத்துக்கு வந்த?" என்றான்.

உள்ளிருந்து சுமதி, "வாங்கண்ணி, உள்ள வாங்க," என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவன் நின்றுகொண்டே இருந்தான்.

நான் சீட்டுகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஆரம்பத்திலிருந்து சொன்னேன். செருப்பு, விரல், சோப்பு, ஊசி. டாக்டர் வரைந்த குழாயை அவனுக்கு விரலால் காற்றில் வரைந்து காட்டினேன். "இது குடும்பத்துல வருமாம்டா. நீ ஒருதபா ரத்தம் பாத்துக்கோ," என்றேன்.

"சரி."

"அம்மாவுக்கும் இதான் இருந்திருக்கும்னு நெனைக்கிறேன். டாக்டரும் இருந்திருக்கலாம்னு சொன்னாங்க. கண்ணு தெரியலேன்னா கால் எங்க கீதுன்னே தெரியாது தாமு. கரண்ட் போச்சே அன்னிக்கு, அதான். மாடியால இல்ல. உன்னால இல்ல. நான் அன்னிக்குச் சொன்னது தப்பு."

அவன் சுவரோரமாக அப்படியே கீழே உட்கார்ந்தான். சுமதி டீ கொண்டுவந்து வைத்தாள். அதில் ஆடை கட்டுகிறவரை யாரும் தொடவில்லை.

"நாலு வருசமா அந்தப் படில நான் தனியா ஏறினதில்லக்கா," என்றான். "நீ சொன்னது கூடவே ஏறும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சோறு காரமா கீதுன்னு தள்ளும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனுக்கு ஆத்தோரம் போணும், அதான் நடிக்கிறேன்னு சொன்னேன். நெசமாவே எரிஞ்சிருக்கும் இல்ல?"

"எரிஞ்சிருக்கும்டா," என்றேன். எனக்கு அந்த எரிச்சல் தெரியும்.

அவன் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. எழுந்து அவன் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் என்று இருந்தது. தரையில் உட்கார்ந்தால் என்னால் எழுந்திருக்க முடியாது. நாற்காலியிலேயே இருந்தேன். சுமதிதான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

சாயங்காலம் அவன் என்னோடு கீழே இறங்கி பஸ் நிறுத்தம்வரை வந்தான். எனக்கு ஒரு படி முன்னால், பக்கவாட்டில் திரும்பியபடியே இறங்கினான். கையைப் பிடிக்கவில்லை. பஸ் வர அரை மணி ஆயிற்று. மழை வருமா என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை. அடுத்த வாரம் அவன் ரத்தம் கொடுத்தான். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சுமதி எனக்குச் செய்தி அனுப்பினாள்.

இதெல்லாம் நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கோலை விட்டுவிட்டேன். கண்ணை மூடி முகம் கழுவுகிறேன், ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு. முழங்காலுக்குக் கீழே உணர்வு பெருமளவு திரும்பிவிட்டது. விரல் நுனி திரும்பவில்லை. இனி திரும்பாது என்றுதான் நினைக்கிறேன். கடையில் என்னைக் குழந்தைகள் உடுப்புப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே துணியைத் தொட்டுச் சொல்ல வேண்டியதில்லை, அளவு சொன்னால் போதும். நூர்ஜஹான் மேல் மாடி, நான் கீழ். வெள்ளிக்கிழமை மட்டும் சாப்பாட்டு நேரத்தில் சேர்ந்து உட்காருகிறோம்.

இதை எழுதுவதற்குக் காரணம், நன்றாகச் சாப்பிட்டும் வெளுத்துப் போய், காலில் எறும்பு ஊர்கிறது என்று சொல்கிற யாரிடமாவது, நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்பதுதான். அப்படிச் சொல்வதற்குப் பதில், வெளுத்துப் போனவரை ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். வயதானவர்கள் காரம் என்று தட்டைத் தள்ளினால் நாக்கை நீட்டச் சொல்லிப் பாருங்கள்.

தாமு இன்னும் மந்தைவெளிக்கு வந்ததில்லை. வரேன் என்பான், ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்பான். நானும் வற்புறுத்துவதில்லை. நாலு வருடத்தை ஒரு டீயில் கரைத்துவிட முடியாது. ஆனால் மாதம் ஒரு தடவை, ஊசி நாளன்று, போன் செய்கிறான். பேச்சு ஒரு நிமிடத்துக்கு மேல் போகாது.

"ஊசி போட்டியா?"

"போட்டேன்."

"வலிச்சிதா?"

"வலிச்சிது," என்பேன்.

"துணி நனைச்சு ஒத்தடம் குடு," என்பான். கொடுக்கிறேன் என்பேன்.

அந்த ஊசி ஒன்றும் வலிக்காது.